வெள்ளைப் புகை குறைந்த வருஷம்

2016 ஐப்பசியில் உழுது போட்ட கரிசல் உழுதபடியே கிடந்தது. கார்த்திகையும் அப்படியே போனது. திருச்சுழிக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் மிளகாய், மல்லி, பருத்தி மூன்றுமே அந்த இரண்டு மாத மழையை நம்பித்தான். துணிந்து விதைத்தவர்களின் மிளகாய்ச் செடி முழங்காலைக்கூட எட்டாமல் சுருண்டது. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் மரங்களைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்க, எங்கள் ஊர் டீக்கடையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மழையில் 62 சதவீதம் வரவில்லை. 2017 ஜனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

மனிதர்களுக்குத் திருப்பூர் இருந்தது, அருப்புக்கோட்டை மில்லும் சிவகாசியும் இருந்தன. பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு கூடின. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவை எப்படிப் பார்த்துக்கொண்டன என்பதை அந்த ஒரு வருஷத்தில் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதலில் தெரிந்தது வேம்பில். மாசியில் இலை கொட்டிப் பங்குனியில் தளிர் விடுவது அதன் வழக்கம். அந்த வருஷமும் தளிர்த்தது. ஆனால் செந்தளிர் பச்சையாவதற்குள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. உச்சிக் கிளைகள் வரிசையாகச் செத்தன, அடிமரத்தில் உயிர் இருந்தது. நோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். வேர் தண்ணீர் காணாதபோது மரத்துக்கு இரண்டே வழி. இலைத் துளைகளை மூடிக்கொண்டால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் உணவு சமைக்க முடியாது. திறந்து வைத்தால் உணவு உண்டு, ஆனால் அடியிலிருந்து நுனி வரை ஏறுகிற நீர் இழை இழுபட்டு அறுந்து, அந்த இடத்தில் காற்றுக்குமிழி புகுந்துகொள்ளும். மோட்டார்க் குழாயில் காற்று அடைத்தால் தண்ணீர் ஏறாதே, அந்தக் கதைதான். வேம்பு எட்டாத கிளைகளைக் கைவிட்டு, எட்டுகிற தூரத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டது.

கண்மாய்க்குள் நின்ற நாட்டுக் கருவேலில் மேட்டுப் பக்கத்து மரங்கள் பட்டுப்போயின, பள்ளத்தில் நின்றவை தப்பின. அவை 1980களில் ஸ்வீடன் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட மரங்களின் வழி வந்தவை. கரைமேல் நின்ற பனைகளில் சிலவற்றின் மட்டைகள் ஒட்டுமொத்தமாகத் தொங்கிவிட்டன. பனையே இப்படி ஆனதைத் தன் காலத்தில் பார்த்ததில்லை என்றார் அப்பத்தா.

சீமைக் கருவேல் மட்டும் பச்சையாக நின்றது. அந்தக் கோடையில் எங்கள் பக்கத்து ஆடுகள் உயிரோடு இருந்ததற்கு அதன் நெற்றுதான் காரணம். பங்குனி வெயிலில் மஞ்சளாகப் பழுத்து விழுந்ததைச் சாக்கில் அள்ளி வந்து கிடைக்குப் போட்டார்கள். "இந்த முள்ளும் இல்லேன்னா ஆட்டையும் வித்துட்டு நாமளும் போயிருக்கணும்" என்று கீதாரி மாமா சொன்னார். அதே வாயால் அந்த மரத்தைத் திட்டவும் செய்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான்.

எங்கள் வீட்டிலும் அந்த மரத்தால்தான் அடுப்பெரிந்தது. அப்பாவுக்குக் கரிமூட்டம் தொழில். விறகை நட்டுவாக்கில் வட்டமாக அடுக்கி, கோரையும் தழையும் போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, துளை விட்டு உள்ளே தீ வைப்பார்கள். தீ எரியக் கூடாது, கனிய வேண்டும். முதலில் வரும் வெள்ளைப் புகை மரத்தின் ஈரம். அது முடிந்து மஞ்சள் ஏறும். கடைசியில் மெல்லிய நீலம் கண்டதும் துளைகளை அடைத்துவிட வேண்டும். பூச்சு விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கரி கிடைக்காது, சாம்பல்தான். அதனால் இரவு முழுக்க ஒருவர் மூட்டத்தைச் சுற்றிவந்து விரிசலுக்கு மண் அப்பிக்கொண்டே இருப்பார்.

2017 பங்குனியில் போட்ட மூட்டங்களில் வெள்ளைப் புகை வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் நின்றுவிட்டது. பச்சை விறகுதான், வெட்டின கையோடு அடுக்கியதுதான். அப்பா புகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரத்துல ஈரமே இல்லடா. வெளியில பச்சையக் காட்டிக்கிட்டு உள்ள காஞ்சு நின்னுருக்கு." எந்த வறட்சியும் தொடாது என்று நாங்கள் நினைத்த மரமும் கடனில்தான் நின்றிருக்கிறது. அரிசோனாவில் இதன் இனத்து மரம் ஒன்றின் வேரை 53 மீட்டர் ஆழத்தில், ஒரு சுரங்கத்தில் கண்டிருக்கிறார்கள். எங்கள் மண்ணில் அந்த ஆழத்திலும் அந்த வருஷம் என்ன மிச்சம் இருந்ததோ. மூட்டத்தில் மண் பூசத் தேவைப்பட்ட தண்ணீரையே டிராக்டர் டேங்கரில் காசு கொடுத்து வாங்கினோம்.

மதுரைக் கிளையின் உத்தரவு வந்ததும் இந்தச் சமயத்தில்தான். வைகோ தொடர்ந்த வழக்கில், தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலை அகற்றும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே எழுந்தது. கல்லூரிப் பிள்ளைகள், கட்சிக்காரர்கள், வக்கீல்கள் என்று ஆளாளுக்கு அரிவாளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அரியலூரில் இத்தனை மரம் வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் கொடுத்ததாகவும் செய்தி வந்தது. இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்று வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் வந்தது. நான் அதை நம்பவில்லை. இந்த மரக் காடே இல்லாத கேரளத்திலும் அதே 2016இல் தென்மேற்குப் பருவமழை 34 சதவீதம் குறைந்தது. இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பக்கம் சூடேறி, மழை மேகத்தை இந்தோனேசியப் பக்கம் இழுத்துக்கொண்ட வருஷம் அது. கடலில் நடந்ததற்குக் கண்மாயில் நின்ற முள்ளைப் பிடித்துத் தண்டித்தோம்.

மரம் குற்றமற்றது என்று வாதாடவும் நான் வரவில்லை. 1877இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விறகுக்காக நடப்பட்ட மரம் இன்று எங்கள் கண்மாய், ஓடை, வரத்துக்கால் எல்லாவற்றையும் அடைத்து நிற்கிறது. குண்டாற்றுப் படுகைக்குள் எத்தனையோ இடங்களில் நடந்து போக வழியில்லை. அதன் அடியில் புல் முளைப்பது அரிது. எடுக்கத்தான் வேண்டும். எடுத்த விதத்தில்தான் கோளாறு.

ஜேசிபி வந்தது. மரத்தைத் தூரோடு பெயர்த்த இடங்களும் உண்டு, வாடகையை மிச்சம் பிடிக்கத் தரையோடு ஒடித்துப் போட்ட இடங்களும் உண்டு. எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டியதால் விறகு விலை விழுந்தது. தடிமரத்தை மூட்டத்துக்கு எடுத்த பிறகு மிலாறும் முள்ளும் கண்மாய்க்குள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை போட்டதும் வேலை பாதியில் நின்றது. குவியல்களுக்குத் தடையும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

வைகாசியில் மேல்காற்று எடுத்த ஒரு பிற்பகலில் ஒரு குவியல் பற்றியது. யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உயிரோடு நிற்கும் சீமைக் கருவேல் காட்டில் தீ அவ்வளவாக ஓடாது, தரையில் பற்றிச் செல்லப் புல் இருக்காது. வெட்டிக் காயப்போட்ட முள் அப்படியில்லை. குவியலிலிருந்து குவியலுக்குத் தாவி, கண்மாய்க் கோரையைப் பிடித்து, கரையேறியது. பனைமரத்தில் கழிக்காமல் விட்ட காவோலை அடிவரை தொங்கிக்கொண்டிருந்தது. அது வழியாகத் தீ உச்சிக்கு ஏறும்போது எழும் சடசடப்பு தெருவரை கேட்டது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள். குடத்தில் மொள்ளத் தண்ணீர் எங்கே? வேப்பங்கொப்பை ஒடித்து அடித்தோம், மண்ணை வாரி இறைத்தோம். அருப்புக்கோட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது தீ பாதிக் கண்மாயைக் கடந்திருந்தது. ஆட்டுக்கொட்டகை ஒன்று போனது. மனித உயிர்ச் சேதம் இல்லை. அடுத்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 23 பேரைக் கொன்ற தீயைப் பற்றிப் படித்தபோது, காற்று திரும்பும் வேகத்தை நேரில் பார்த்தவன் என்பதால் அந்தச் செய்தியை முழுக்க வாசிக்க முடியவில்லை.

ஆவணியில் மழை பெய்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அடி முதல் கழுத்துவரை கரியாகிப்போன பனைகளில் பெரும்பாலானவை நடுவிலிருந்து புதுக் குருத்து நீட்டின. மற்ற மரங்களுக்கு உயிரோட்டம் பட்டைக்கு உள்பக்கம் ஒரு வளையமாக ஓடுகிறது, தீ அந்த வளையத்தைச் சுட்டால் மரம் முடிந்தது. பனைக்கு அந்த நாளங்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. உச்சிக் குருத்து வேகாத வரைக்கும் அது சாகாது. குருத்து வெந்த மரங்கள் மொட்டையாக நின்று காய்ந்தன. ஆவாரை தூரிலிருந்து கொத்தாக வெடித்து வந்தது. பாதி வெந்த வேம்பு வேரிலிருந்து கன்று விட்டது. சாம்பல் படிந்த ஈரத்தில் நாட்டுக் கருவேல் விதைகள் முளைத்திருந்தன, அவற்றின் தடித்த தோலைச் சூடு இளக்கிவிட்டிருக்கும்.

சீமைக் கருவேலோ எல்லாவற்றையும் முந்திக்கொண்டது. தரையோடு ஒடித்த ஒவ்வொரு தூரிலும் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டுக் கிளைத்தன. தூரோடு பெயர்த்த இடத்தில் புரண்ட மண்ணுக்குள்ளிருந்து கன்றுகள் நெருக்கமாக எழுந்தன, வறட்சியில் ஆடுகள் நெற்றைத் தின்று புழுக்கையில் போட்ட விதைதான் அது. கார்த்திகை முடிவதற்குள் ஆடுகள் கண்மாய்க்குள் இறங்கின. நாட்டுக் கருவேல் கன்றையும் வேப்பங்கன்றையும் கடித்தன, சீமைக் கருவேல் இலையைச் சீந்தவில்லை. தை மாதம் பார்த்தபோது மிஞ்சியிருந்தது ஒரே இனம்தான். அந்தக் காட்டை வறட்சியும் தீயும் தொடங்கிவைத்தன, முடித்துவைத்தது மேய்ச்சல்.

இதற்கு மாறாக நடந்தது ஐயனார் கோயில் நிலத்தில். அங்கேயும் தீ போயிருந்தது. கோயில் கும்பிடுகிறவர்கள் வெட்டிக் கிடந்த சீமைக் கருவேல் முள்ளையே இழுத்துவந்து நாலு பக்கமும் அடைப்புக் கட்டினார்கள், முளைத்த சீமைக் கன்றுகளை மட்டும் மழை ஈரத்தில் கையால் பிடுங்கினார்கள். வேறு செலவு எதுவும் கிடையாது, நட்டதும் இல்லை. இன்றைக்கு அந்த அடைப்புக்குள் நாட்டுக் கருவேல், வேம்பு, மஞ்சணத்தி, இலந்தை எல்லாம் தலைக்கு மேலே நிற்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில் எங்கள் கண்மாயும் நிரம்பி, கோயில் நிலத்துக்குள் தண்ணீர் ஏறி வெகு நாள் நின்றது. நாட்டுக் கருவேல் அசையவில்லை. தண்ணீரில் நிற்கவும் தெரியும், தண்ணீர் இல்லாமல் நிற்கவும் தெரியும் அதற்கு. காய்ச்சலும் வெள்ளமும் மாறி மாறி வரப்போகிற ஊருக்கு இரண்டையும் தாங்கும் மரம்தான் வேண்டும்.

2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு மீட்பதையும் சேர்த்தது நல்லது. ஆனால் கண்மாயில் ஏலம் விடும்போது அகற்றும் பாதிதான் கணக்கில் வருகிறது, விறகுக்கு விலை உண்டு என்பதால்.

உங்கள் ஊர்க் கண்மாயிலும் ஜேசிபி இறங்கும். இறங்கும் முன்னால் கிராமசபையில் மூன்று கேள்வி கேளுங்கள். வெட்டிய முள்ளைக் கோடைக்கு முன்னால் அப்புறப்படுத்துவது யார்? மழை பெய்த முதல் மாதத்தில் கன்று பிடுங்க ஆளுக்குக் கூலி ஒதுக்கியிருக்கிறதா? மூன்று வருஷத்துக்கு ஆடு இறங்காமல் எந்தப் பகுதியை அடைக்கப்போகிறார்கள், அதுவரை ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் எழுதித் தராதவரை மரத்தில் கைவைக்க விடாதீர்கள்.