கொழும்பிலிருந்து ஜித்தா: ஆறு மணித்தியாலக் கணக்கு

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ பயணம் நிச்சயமானதும், "எத்தனை மணித்தியாலம் பறக்க வேண்டும்?" என்ற கேள்வி வீட்டில் எழும். அன்புச் சகோதரிகளே, அதற்கான விடை இஹ்ராமுடன் சம்பந்தப்பட்டது. ஆகவே அதைச் சரியாக அறிந்துகொள்வது அவசியம்.

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்தூரத்தில் சுமார் 4,650 கிலோமீற்றர். நேரடி விமானம் ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் சென்றடையும். பாதை வளைந்தால் சற்றுக் கூடும். திரும்பி வரும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று துணை செய்வதால் பெரும்பாலும் நேரம் குறையும்.

பயணச்சீட்டைப் பார்க்கும்போது கவனம் தேவை. அதில் புறப்படும் நேரம் இலங்கை நேரம்; சேரும் நேரம் சவூதி நேரம். நமது கடிகாரம் அங்குள்ளதைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. பிற்பகல் 2.00 மணிக்குப் புறப்பட்டு மாலை 5.30க்குச் சேரும் என்றிருந்தால், பயணம் மூன்றரை மணித்தியாலம் அல்ல, 6 மணித்தியாலம்.

இனி முக்கிய விடயத்துக்கு வருவோம். நமது கணக்கு ஜித்தாவுடன் முடிவதில்லை. அதற்கு முன்னரே மீக்காத் எல்லை வந்துவிடுகிறது. அன்று கப்பலில் சென்றோருக்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. இன்று கிழக்கிலிருந்து அரேபிய நிலத்தின் மேலாக வரும் விமானம், தாயிஃபுக்கு வடக்கேயுள்ள கர்னுல் மனாஸில் எல்லையைக் கடந்தே ஜித்தாவை அடைகிறது. அவ்விடம் ஜித்தா விமான நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 130 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு அது சில நிமிடத் தூரமே. விமானம் இறங்கத் தொடங்கும் அந்த வேளையில் பலர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பர்.

உம்ரா அல்லது ஹஜ் நாடிச் செல்பவர் நிய்யத் இன்றி அவ்வெல்லையைக் கடந்தால், மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் 'தம்' கடமையாகும். ஆகவே சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒரு மணித்தியாலம் முன்னரே தயாராகிவிடுங்கள். மீக்காத்துக்கு முன் நிய்யத் வைப்பதால் இஹ்ராமுக்குக் குறை வராது. துபாய் போன்ற இடங்களில் விமானம் மாறுவோர் அங்கேயே ஆயத்தமாகலாம். துபாயிலிருந்து ஜித்தா சுமார் 1,700 கிலோமீற்றர். முதலில் மதீனா செல்வோருக்கு மீக்காத் துல்ஹுலைஃபா. அவர்கள் விமானத்தில் இஹ்ராம் கட்டத் தேவையில்லை.

பெண்களுக்கு இஹ்ராமுக்கெனத் தனி ஆடை இல்லை; நிகாபும் கையுறையும் மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். ஆடை மாற்றும் வேலை இல்லாததால் நிய்யத் வைக்க மறந்துபோவது எளிது. மாதவிடாயில் இருப்பவர், "எனக்குத் தொழுகை இல்லையே, பிறகு பார்ப்போம்" என்று எண்ணி நிய்யத் வைக்காமலேயே எல்லையைத் தாண்டிவிடும் அபாயமும் உண்டு. துல்ஹுலைஃபாவில் குழந்தை பெற்ற அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களைக் குளித்து இஹ்ராம் கட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எனவே அவரும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்ல வேண்டும். தவாபை மட்டும் சுத்தமாகும் வரை பிற்படுத்த வேண்டும்.

விமானத்தில் ஏறி அமர்ந்ததும், மீக்காத் அறிவிப்பு எப்போது வரும் என்று பணியாளரிடம் கேட்டு வையுங்கள். பக்கத்தில் இருக்கும் வயோதிபத் தாய்மாரையும் தட்டி எழுப்புங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பயணத்தையும் இலேசாக்கி ஏற்றுக்கொள்வானாக.