ஒரு பூவுக்கு மூன்று சொற்கள்

ஆதம் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பொருட்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தான் என்று குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, புதிய பெயர் ஒன்றைக் கேட்டால் அதன் பொருளைத் தேடுவது என் வழக்கம். அப்படித் தேட வைத்த பெயர்தான் ‘ஒரோபாங்கி கிரெனாட்டா’.

இது மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் காணப்படும் காட்டுப்பூ. வெள்ளை இதழ்களில் ஊதா நரம்புகள் ஓடும். பார்வைக்கு அழகுதான். ஆனால் செடியில் பச்சை நிறமே இல்லை. நம் ஊர் மரங்களில் ஒட்டி வளரும் குருவிச்சைக்குக்கூட இலை பச்சையாக இருக்கும். இதற்குப் பச்சையம் இல்லாததால் சொந்தமாக உணவு தயாரிக்க இயலாது. பெரும்பாலும் அவரைக் குடும்பத்துப் பயிர்களின் வேரைப் பற்றி, அவற்றின் நீரையும் உணவையும் உறிஞ்சி வாழ்கிறது.

கிரேக்க மொழியில் ‘ஒரோபோஸ்’ என்பது ஒரு பயற்றுச் செடி. ‘அங்கேயின்’ என்றால் நெரித்தல். பயற்றை நெரிப்பது என்பதே ‘ஒரோபாங்கி’. அரபியில் இதற்குப் பெயர் ‘ஹாலூக்’. அழிந்துபோன சமூகங்களைப் பற்றிக் குர்ஆனில் ஓதும்போது வரும் ‘ஹலக’ என்ற வேர்ச்சொல்லே இதிலும் இருக்கிறது. எகிப்தியரின் காலை உணவான ‘ஃபூல்’ இந்த அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை விதைத்த விவசாயிக்கு இந்தப் பூ அழிவுதானே!

தூசி போன்ற இதன் விதைகள் மண்ணுக்குள் பல வருடங்கள் காத்திருக்கும். பயிரின் வேர், தனக்கு உதவும் பூஞ்சணத்தை அழைக்க ஓர் இரசாயனத்தை வெளிவிடுகிறது. அந்த அழைப்பைக் கேட்டு இந்த விதையும் விழித்துவிடுகிறது. நண்பனைக் கூப்பிட்ட குரலுக்குப் பகைவன் வருகிறான்.

‘கிரெனாட்டா’ என்ற இலத்தீன் சொல், விளிம்பு வளைவு வளைவாக வெட்டுப்பட்டிருப்பதைக் குறிக்கும். இந்தப் பெயரை வைத்தவர் லினேயஸின் மாணவர் பேத்தர் ஃபோர்ஸ்கோல். டென்மார்க் மன்னர் அனுப்பிய ஆய்வுக் குழுவோடு 1761இல் எகிப்துக்கு வந்த அவர், தாவரங்களின் அரபுப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்தார். 1763இல் யெமனில் மலேரியாவால் இறந்தபோது அவருக்கு வயது 31. குழுவில் உயிருடன் ஊர் திரும்பிய ஒரே ஒருவரான நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775இல் நூலாக்கினார்.

விவசாயி தன் வயலின் இழப்பைப் பார்த்துப் பெயர் வைத்தான். ஃபோர்ஸ்கோல் இதழின் விளிம்பைப் பார்த்து வைத்தார். இரண்டும் உண்மையே. பரீட்சைக்காகத் தாவரவியல் பெயர்களை மனனம் செய்யும் தோழிகளே, ஒரு பெயருக்காவது பொருள் தேடிப் பாருங்கள். அதற்குப் பின்னால் யாரோ ஒருவரின் வயலோ, வாழ்நாளோ இருக்கக்கூடும்.