வாசலில் ஐந்து நிமிடம்

தினமும் சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு நான் ஒரு வாசலில் போய் நிற்கிறேன், என் தங்கை பிள்ளையை அழைத்து வர. தங்கைக்குத் துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. பஸ் பிடித்து உறையூர் வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். அவள் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. மாமியார் காலமாகிவிட்டார். அதனால் ஒன்றேகால் வயதிலேயே குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டியதாயிற்று.

"நீதான் வீட்டிலேயே இருக்கிறாயே, நீ பார்த்துக்கொள்ளக் கூடாதா?" என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரை வைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளையையும் நாள் முழுவதும் பார்க்க என்னால் முடியவில்லை. சாயங்காலம் அழைத்து வந்து, தங்கை வரும்வரை வைத்துக்கொள்வது என் பொறுப்பு.

காப்பகம் என்றால் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டுக் கூடத்தில் நடத்துகிறார். பன்னிரண்டு குழந்தைகள், இரண்டு ஆயாம்மாக்கள். எங்கள் பிள்ளை அதில் பெரிய ஆயாம்மாவின் இடுப்பை விட்டு இறங்கமாட்டான்.

ஆரம்பத்தில் என் விசாரணை எப்படி இருக்கும் தெரியுமா? ஸ்கூட்டியை நிறுத்தாமலேயே, "சாப்பிட்டானா?" என்பேன். "சாப்பிட்டாம்மா." "தூங்கினானா?" "தூங்கினாம்மா." பிள்ளையை வாங்கி முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பிவிடுவேன். அடுப்பில் உலை வைக்க வேண்டும், மாமனாருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். நின்று பேச நேரம் ஏது?

ஒரு நாள் பிள்ளையின் கையில் பல் பதிந்த தடம் தெரிந்தது. ஆயாம்மா தானாகவே, "இன்னொரு பாப்பா கடிச்சிட்டா அம்மா. பொம்மைக்காகச் சண்டை. கழுவி விட்டுட்டேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! மற்ற தாய்மார்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை. "பணம் வாங்கிக்கிட்டு இதைத்தான் பார்க்கிறீங்களா? கண்ணு எங்கே இருந்தது?" என்று சத்தம் போட்டேன். ஆயாம்மா தலையைக் குனிந்துகொண்டார். நியாயம் கேட்டுவிட்ட திருப்தியோடு நான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. வழக்கம்போல "சாப்பிட்டானா?", "சாப்பிட்டாம்மா" முடிந்து பிள்ளையை அழைத்து வந்தேன். தங்கை வந்து தூக்கிக்கொண்டு போனாள். எட்டரை மணிக்கு அவளிடமிருந்து போன். "அக்கா, ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். துவண்டு போய்க் கிடக்கிறான்." நான் ஓடினேன். மூன்றாவது தடவையும் வாந்தி எடுத்ததும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் இன்னும் காதில் ஒலிக்கின்றன. "மத்தியானம் என்ன சாப்பிட்டான்? கடைசியா எப்போ சிறுநீர் போனான்? எங்கேயாவது விழுந்தானா?" தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஒன்பது மணி நேரம் அந்தக் குழந்தை எப்படி இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை!

டீச்சருக்குப் போன் செய்து, அவர் மூலமாக ஆயாம்மாவைப் பிடித்தோம். மறுமுனையில் அழுகை. "மூணு மணிக்கு ஆடுற குதிரையிலேருந்து பின்பக்கமாச் சாஞ்சுட்டாம்மா. உடனே அழுதான். ஐஸ் கட்டி வச்சேன். பத்து நிமிஷத்துல விளையாடப் போயிட்டான். சொல்லணும்னுதான் நினைச்சேன்... போன தடவை பெரியம்மா எல்லார் முன்னாடியும் பேசினாங்களே, அந்தப் பயத்துல வாய் வரலே."

தலைமுடிக்குள் பின்பக்கம் எலுமிச்சம்பழம் போல வீங்கியிருந்தது. நாங்கள் யாரும் தடவிப் பார்க்கவே இல்லை.

இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்தார்கள். அந்த ராத்திரி நான் வேண்டாத தெய்வம் இல்லை. விடிந்ததும் கண் விழித்த பிள்ளை "இட்லி" என்றான். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு உயிர் வந்தது. டாக்டரம்மா போகும்போது சொன்னார்: "நடக்கிற குழந்தை விழத்தான் செய்யும். விழுந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து." தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, காதிலும் மூக்கிலும் ரத்தமோ தண்ணீர் போன்ற நீரோ வந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சொல்லாமல் விட்டது ஆயாம்மாதான். ஆனால் அவர் வாயை அடைத்தது யார்? நான்தானே! கடித்ததை ஒளிக்காமல் சொன்னவருக்கு நான் கொடுத்த கூலி திட்டு. அடுத்த முறை அவர் எப்படிச் சொல்வார்?

திங்கட்கிழமை தனியாகப் போய் ஆயாம்மாவைப் பார்த்தேன். "நான் அன்னிக்குப் பேசினது தப்பு. இனிமே எது நடந்தாலும் சொல்லுங்க. கோபப்பட மாட்டேன்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே மறைக்க மாட்டேம்மா" என்றார். டீச்சரையும் வைத்துக்கொண்டு ஒரு ஏற்பாடு செய்தோம். அதுதான் இப்போதும் நடக்கிறது.

சகோதரிகளே, ஏற்பாடு ரொம்பச் சின்னது. ஸ்கூட்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் நிற்பேன். "சாப்பிட்டானா?" என்று கேட்பதில்லை, அதற்கு ஒரே பதில்தான் வரும். "எவ்வளவு சாப்பிட்டான்? எதை ஒதுக்கினான்? எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தூங்கினான்? எத்தனை தடவை சிறுநீர் போனான், மலம் எப்படிப் போனான்? எங்கேயாவது விழுந்தானா? எதற்குச் சிரித்தான்?" என்று கேட்கிறேன். இவ்வளவையும் மனசில் வைத்துக்கொள்ள முடியுமா? அதனால் பையிலே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆயாம்மாவுக்கு எழுத வராததால், அவர் சொல்ல டீச்சர் இரண்டு வரி எழுதிவிடுகிறார்.

மருந்து கொடுத்தால் மணியோடு எழுத வேண்டும். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் ஒரு தடவை கொடுத்தால் அடுத்ததற்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் அல்லவா? அங்கே மூன்று மணிக்குக் கொடுத்தது தெரியாமல் இங்கே ஐந்தரைக்கு நாமும் கொடுத்துவிட்டால் என்ன ஆவது?

நோட்டில் காலைப் பக்கம் எங்களுடையது. "ராத்திரி சரியாகத் தூங்கவில்லை", "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், சிணுங்குவான்" என்று தங்கை எழுதி அனுப்புவாள். நாம் ஒன்றும் சொல்லாமல் அவர்கள் மட்டும் எல்லாம் சொல்ல வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

இன்னொன்று. குழந்தையை வைத்துக்கொண்டு அவன் குறையைப் பேசுவதில்லை. "இன்னிக்கு ஒரே முரண்டு" என்று பெரியவர்கள் பேசும்போது அவன் என் சேலைத் தலைப்புக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டதை ஒரு நாள் பார்த்தேன். அப்படிப்பட்ட விஷயம் இருந்தால் டீச்சர் இரவு போனில் சொல்கிறார்.

காப்பகம்தான் என்றில்லை. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பெண்ணின் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பவை அந்த மையங்கள். அங்கே மாதாமாதம் குழந்தையின் எடையைப் பார்த்துக் குறிக்கிறார்கள். "அந்த அட்டையைக் கேட்டுப் பார்த்தாயா?" என்றேன். "கேட்கலாமாக்கா?" என்றாள். கேட்கலாம், கேட்க வேண்டும். எடை ஏறாமல் நின்றால் முதலில் தெரிய வேண்டியது பெற்றவளுக்கு அல்லவா? ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-இல் சட்டத்திலேயே கொண்டு வந்தார்கள். என் தங்கை கம்பெனியில் இருப்பது முப்பது பேர்தான். அவளுக்கு அந்த நான்கு முறையும் இந்த நோட்டுதான்.

ஏழு மணிக்கு வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் நோட்டை எடுப்பாள். படித்த பிறகும் "நீ சொல்லுக்கா" என்பாள். நேற்று சொன்னேன்: புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுததாம், நம்மவன் போய்த் தன் சட்டை நுனியால் அவன் மூக்கைத் துடைத்துவிட்டானாம். தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆயாம்மா இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், "முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடறேம்மா, முழங்கால்ல சிராய்ப்பு" என்று ஆரம்பிக்கிறார். நானும் பிள்ளையின் முழங்காலைப் பார்த்துவிட்டு, "சரி ஆயாம்மா, நல்ல சேதி என்ன?" என்று கேட்கிறேன்.