ஏணிக்கு என்ன குறி? ஓரியன்டீரிங், தாராவி, வரைபடம்

ஓரியன்டீரிங் பந்தயத்தில் ஓடுபவரிடம் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் மட்டுமே இருக்கும். ஓட வேண்டிய பாதை குறிக்கப்பட்டிருக்காது. வரைபடத்தில் வட்டமிட்டுக் காட்டப்பட்ட நிலைகளை வரிசை பிசகாமல் கண்டடைய வேண்டும்; ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எவ்வழியே செல்வது என்பது ஓடுபவரின் தீர்மானம். சுவீடனின் படைப்பயிற்சியில் பிறந்து, 1897 அக்டோபர் 31 அன்று இன்றைய ஆஸ்லோவுக்கு அருகில் பொதுப் பந்தயமாக நடைபெற்ற இவ்விளையாட்டு நெடுங்காலம் காட்டுக்கே உரியதாக இருந்தது. தெருக்களில் ஓடும் ‘ஸ்பிரிண்ட்’ பிரிவு 2001இல்தான் உலகப் போட்டியில் இடம்பெற்றது. 2014இல் அதன் இறுதிப் பந்தயம் வெனிஸ் நகரின் குறுஞ்சந்துகளில் நடந்தது.

வெனிஸில் ஓட முடியுமானால் தாராவியில் ஏன் முடியாது? வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வியை ஒரு வாரப் பயிற்சித் திட்டமாக விரித்துப் பார்க்கலாம். அப்போது மாட்டுங்கா, செம்பூர், தாராவி எனத் தமிழர் வேரூன்றிய மூன்று பகுதிகளும் வரைபடத்தின் கண்ணுக்கு எவ்வாறு தென்படுகின்றன என்பது புலப்படும். 2024க்குப் பின் அந்தக் கேள்வி விளையாட்டோடு நிற்கவும் இல்லை.

முதல் இரு நாள்களுக்கு மாட்டுங்காவே பொருத்தம். வரைபடத்தைத் தரைக்கு இணங்கத் திருப்பிப் பிடிப்பது, நிற்கும் இடத்தின்மேல் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துவது ஆகியவை தொடக்கப் பாடங்கள். 1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர்–மாட்டுங்கா பகுதியைத் திட்டமிட்டு உருவாக்கியது. காகிதத்தில் கோடு முதலில் விழுந்து, தெரு அதன்பின் எழுந்த நிலம் அது. கிங்ஸ் சர்க்கிளின் வட்டமும் ஐந்து தோட்டங்களும் எவருக்கும் வழி சொல்லும். அங்கு நேரும் பிழையும் ஒழுங்கிலிருந்தே பிறக்கிறது. ஒன்றுபோல் தோன்றும் இரு தெருக்களுள் மற்றொன்றில் நின்றுகொண்டு, சரியான தெருவில் நிற்பதாக நம்பிவிடுவதுதான் அது.

செம்பூரில் கற்பது மதில்களைப் பற்றி. ஸ்பிரிண்ட் வரைபடத்தில் தடித்த கருங்கோடு கடக்கக் கூடாத மதில். தாண்டும் வலுவிருந்தாலும் தாண்டியவர் நீக்கப்படுவார். ஆலிவ் பச்சை நிறம் தனியார் நிலம். அதில் கால் வைத்தாலும் அதே கதி. குடியிருப்புச் சங்கங்களின் வாயிற்கதவுகள் நிறைந்த செம்பூரில் இவ்விதிகளை விளக்கவே வேண்டியதில்லை. காவலாளியின் நாற்காலி போடப்பட்ட இடத்தில் ஆலிவ் பச்சை தொடங்குகிறது.

ஐந்தாம் நாள் தாராவி. ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் பரப்பு. விளிம்புகளில் சிக்கல் இல்லை: 90 அடி சாலை, 60 அடி சாலை, 1737இல் கட்டப்பட்ட காலா கில்லா, குயவர்களின் கும்பர்வாடா, தமிழர்கள் 1913இல் எழுப்பிய கணேசர் கோயில் என அடையாளங்கள் ஏராளம். சந்துக்குள் நுழைந்ததும் வண்ணங்கள் தடுமாறுகின்றன. வாசலுக்கு முன் மூன்றடி அகலத்தில் பாத்திரம் கழுவப்படுகிறது, அப்பளம் காய்கிறது, இட்லிக்கு மாவு கரைக்கப்படுகிறது, பிள்ளைகள் பாடம் படிக்கின்றனர். அதே மூன்றடியில்தான் அடுத்த தெருவுக்குப் போவோரும் போகின்றனர். அதைப் பொதுவழி எனத் தீட்டினால் பந்தயக்காரர்கள் பிறருடைய சமையலறைக்குள் ஓடுவார்கள். தனியார் நிலம் எனத் தீட்டினால் ஓடுவதற்கு வழியே மிஞ்சாது. வெனிஸில் இந்த இக்கட்டு எழவில்லை. அங்கே கதவுக்கு உள்ளே வீடு, வெளியே நகரம்.

இதைவிடப் பெரிய இடர் மேலே இருக்கிறது. தாராவியின் சந்துகளில் சுவரோடு ஒட்டி நிற்கும் செங்குத்தான இரும்பு ஏணிகளைக் காணாமல் கடக்க இயலாது. கீழ் அறையில் ஒரு குடும்பம், ஏணி வழியே மேலே வேறொரு குடும்பம் அல்லது தையற்கூடம். ஸ்பிரிண்ட் வரைபட விதிகளோ, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தளங்கள் உள்ள இடத்தில் பந்தயத்துக்கு முதன்மையான ஒரு தளத்தையே வரையச் சொல்கின்றன. விளையாட்டுக்கு அது நியாயமான சுருக்கம். ஓடுபவருக்குப் படிக்கத் தெளிவு வேண்டும். மாடியில் வசிப்பவரை அவர் சந்திக்கப் போவதில்லை.

அதே சுருக்கம் அரசின் கோப்பில் நிகழும்போது பொருள் மாறிவிடுகிறது. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கான வீடுவீடான கணக்கெடுப்பு 2024 மார்ச் 18 அன்று கமலா ராமன் நகரில் தொடங்கியது. சந்துகள் லேசர் கருவிகளால் அளக்கப்பட்டன. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனி எண் தரப்பட்டது. கருவியின் துல்லியம் குறித்து ஐயமில்லை. மாடிகளையும் அது பதிவு செய்கிறது. வேறுபாடு தகுதி விதியில் உள்ளது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதாக மெய்ப்பிக்கும் குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகையாகச் செலுத்திப் பின்னர் உரிமை பெறும் வீடு. கீழ் வீட்டாருக்கும் மேல் வீட்டாருக்கும் இடையிலிருந்த ஏணியின் பத்துப் படிகள் இனிப் பல கிலோமீட்டர்களாக நீளக்கூடும். ஒரே தண்ணீர்க் குழாய்க்காக ஒரே விடியலில் விழித்தவர்கள் அவர்கள்.

பந்தய விதிகளுள் இன்னொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. போட்டி நடக்கும் பகுதி முன்கூட்டியே தடை செய்யப்படும். ஓடப் போகிறவர் அங்கே பழகியிருக்கக் கூடாது. நிலத்தை அறிந்திருப்பது அநியாயமான முன்னிலை. எனவே தாராவியில் பந்தயம் நடந்தால், எந்தச் சந்து மழைக்காலத்தில் மூழ்கும், எது முட்டிக்கொண்டு நிற்கும் என்று இருட்டிலும் சொல்லக்கூடிய தாராவிப் பெண்ணின் வெற்றி ஐயத்துக்கு உள்ளாகும். தகுதிச் சரிபார்ப்பிலும் அவளுடைய அறிவு சான்றாகாது. வாக்காளர் பட்டியலும் மின்கட்டண ரசீதுமே சான்று. (தாராவி குறித்த ஆய்வேடுகளுக்கும் இதில் பங்குண்டு. அவற்றின் முதல் இயலில் பெரும்பாலும் தாராவி ஒரு சாம்பல் திட்டாக அச்சாகியிருக்கும். அதனுள் ஒரு சந்துகூட இராது.)

குடியிருப்போரே தம்மை எண்ணிக்கொள்ளும் மரபு இந்நகருக்குப் புதிதன்று. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோகின் அற்புதம், செம்பூரை அடுத்த டிராம்பேயில் ஜனதா காலனியில் வாழ்ந்து, அதன் வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர். 1976இல் அக்காலனி அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்குப் பெயர்க்கப்பட்டனர். எண்ணிக்கை அதிகாரியிடம் மட்டும் இருந்தால் மனிதர்கள் விடுபடுவர் என்பதை அவருடைய இயக்கம் அந்த இழப்பிலிருந்து கற்றது. ஸ்பார்க் அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து 1985இல் வெளியிட்ட அறிக்கையும், குடிசைவாழ் பெண்களைத் திரட்டிய மகிளா மிலன் அமைப்பும், அற்புதத்தின் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பும் ஒரே கைகோப்பில் வளர்ந்தன. 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

இந்தியர் எவரும் முன் அனுமதியின்றி வரைபடம் தயாரிக்க 2021 பிப்ரவரியில் வெளிவந்த வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன. ஆகவே பயிற்சி வாரத்தின் கடைசி இரு நாள்களை ஓட்டத்துக்குச் செலவிடாமல், தாராவியின் பள்ளிப் பிள்ளைகள் தம் சந்தைத் தாமே வரைவதற்குத் தரலாம். ஸ்பிரிண்ட் வரைபடத்தின் அளவு 1:4000; அது போதாது, 1:500 வேண்டியிருக்கும். தண்ணீர் வரும் நேரம், பகலில் வாசலாகவும் இரவில் படுக்கையாகவும் மாறும் மூன்றடி ஆகியவற்றுக்கு வண்ணம் தேட வேண்டும். அதற்கும் முன்பாக, ஏணிக்கு என்ன குறி என்பதை அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும்.