இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

முப்பத்தொரு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் 2147483647. இது பகா எண் என்று 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்தார். நிரூபணம் தரவில்லை. இப்படிப்பட்ட பகா எண்கள் என்று அவர் தந்த பட்டியலில், இரண்டின் 67, 257 அடுக்குகளைக் கொண்டு கிடைப்பவை பின்னாளில் பொய்த்துப் போயின. இது நின்றது. 1772இல் அதை உறுதிசெய்தவர் கணிதவியலாளர் ஆய்லர். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அவருக்கு அப்போது பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

ஓர் எண் பகா எண்தானா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே அது 46340 வரை. நாலாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். ஆய்லர் வகுக்கத் தொடங்குமுன் யோசித்தார். இதற்குப் பகா வகுத்தி ஒன்று இருக்குமானால், அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63தான் மீதி வரமுடியும் என்று கண்டார். மிஞ்சியவை அதிகம் போனால் 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை. எனக்கு அந்த எண்ணைவிட, செய்யவேண்டாத வேலையை அவர் கண்டுபிடித்த விதம்தான் பிடித்திருக்கிறது.

இந்த எண்ணிலிருந்து ஒரு நிறைவெண் கிடைக்கும்; அதாவது தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் எண், 6 = 1 + 2 + 3 என்பதுபோல. 1811இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் காணப்போவதில்லை என்றார்: வெறும் விநோதம், பயனில்லாத ஒன்றுக்காக யார் மெனக்கெடுவார்கள்? மனிதர்களை அவர் சரியாக எடைபோடவில்லை.

பிறகு கணினி வந்தது. குறியோடு 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் இதுவே. ஒரு முறை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே கைபேசி எண் அச்சாகி வந்தது: 2147483647. நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்குவதால் ஒன்றுகூட அந்த 32 பிட்டுக்குள் அடங்காது. மென்பொருள் தன்னால் முடிந்த உச்சத்தை எழுதிவைத்துவிட்டது. பொருளாளர் அந்த எண்ணுக்குப் போன்கூடப் போட்டுப் பார்த்தார்.

ஆனால் இப்படிக் கணினியின் உச்ச எண்ணாக இருப்பதற்கு அது பகா எண்ணாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. 16 பிட்டின் உச்சமான 32767, 7 × 31 × 151 என்று உடைகிறது. 64 பிட்டின் உச்சமும் 7ஆல் வகுபடும். பகாத்தன்மை உண்மையில் உதவிய இடம் வேறு. 1960களின் இறுதியில் ஐபிஎம் கணினிகளுக்காக ஒரு சமவாய்ப்பு எண் முறை வந்தது: கையில் உள்ள எண்ணை 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, மறுபடி பெருக்கு. 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும், தலைகால் புரியாத வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்த பிறகுதான் சுற்று திரும்பும். வகுக்கும் எண் பகா எண் என்பதால்தான் இப்படி ஒன்றுவிடாத சுற்று கிடைக்கிறது. சி++ மொழியின் நூலகத்தில் இந்த முறை இன்னும் இருக்கிறது. ஆனால் இன்றைய கணினி அந்த முழுச் சுற்றையும் சில விநாடிகளில் முடித்துவிடும். பெரிய கணக்கு போடுபவர்கள் இதைவிட நீளமான சுற்றுகளுக்குப் போய்விட்டார்கள்.