கோயில் காட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு

காடாம்புலியூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முந்திரிதான். பண்ருட்டியிலிருந்து வடலூர் சாலையில் வந்தால் செம்மண்ணும் முந்திரித் தோப்பும் பலாவும் மாறி மாறி வரும். பிரேசிலில் பிறந்து, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்த மரம் இன்று எங்களுக்குச் சோறு போடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, அந்த முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. விழுந்த மரங்களை அறுத்து விற்றோம், மறுபடி முந்திரியே நட்டோம். முந்திரி வருவதற்கு முன்னால் இந்த மண்ணில் என்ன நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியோடுதான் ஆடி பிறந்த கையோடு மரக்காணம் பக்கம் நடுக்குப்பத்துக்குப் போனேன். அங்குள்ள அரசுப் பள்ளியோடு சேர்ந்து பிச்சாண்டிக்குளம் காட்டுக்காரர்கள் 2000களிலிருந்தே சுற்றுச்சூழல் கல்வி நடத்தி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் ப்ரூக்ஸ் 1973இல் ஆரோவில்லின் பொட்டல் செம்மண்ணில் தொடங்கிய காடு அது. சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில், குப்பையும் கழிவும் சேர்ந்து கிடந்த 58 ஏக்கரைத் தொல்காப்பியப் பூங்காவாக மாற்றியதிலும் அவர்கள் கை உண்டு. அவ்வளவு பெரிய வேலை செய்தவர்கள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை ஆண்டு நின்றது ஏன் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

பிள்ளைகள் என்னை முதலில் செடிகளிடம் கூட்டிப் போகவில்லை, விதைகளிடம் கூட்டிப் போனார்கள். முறத்தில் வேப்பங்கொட்டை நிழலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சதை கழுவிய நாவல் கொட்டை, இலுப்பைக் கொட்டை. இந்த மூன்றையும் நாள்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. வேப்பங்கொட்டை இரண்டு வாரம் தாண்டினாலே முளைப்பு சரியத் தொடங்கிவிடும். நாவலும் இலுப்பையும் ஈரம் போனால் செத்துவிடும். பழம் விழும் ஆனி, ஆடியிலேயே விதைத்தாக வேண்டும். சரக்கொன்றை நேர்மாறு. கல் போன்ற தோல், ஆண்டுக்கணக்கில் தூங்கும். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைச் சொரசொரப்பான திண்ணையில் தேய்த்துக் காட்டினான். "இந்த முனையில தேய்க்கக் கூடாது சார், முளை இங்கதான் இருக்கு. எதிர்ப்பக்கம் தேய்க்கணும். உள்ள வெள்ளையா தெரிஞ்சா நிறுத்திடணும்." அப்புறம் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்தால் விதை உப்பி நிற்கிறது. உப்பாததை மறுபடி தேய்க்கிறார்கள்.

பை நிரப்பும் இடத்தில் நாற்றங்கால் வேலையில் கை தேர்ந்த அக்கா ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். செம்மண், மணல், மக்கிய தொழுஉரம் மூன்றும் சம அளவு. ஒரு சிறுமி மண்ணைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கித் திணித்தாள். "அமுக்காத கண்ணு, பையைத் தட்டித் தட்டி இறக்கு. இறுகிப்போனா வேர் எப்படி மூச்சு விடும்?" என்றார் அக்கா. விதையை அதன் பருமன் அளவு ஆழத்தில் வைத்து, மேலே ஒரு சிட்டிகை மணல். பூவாளியை உயரத் தூக்காமல் தாழப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை மேலே வந்துவிடும். நான் அங்கிருந்த நேரம் முழுக்க அவர் கை ஓயவில்லை. மரம் நடு விழாக்களின் புகைப்படத்தில் இப்படிப்பட்ட கைகள் வருவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம்.

விதை எங்கிருந்து வருகிறது? இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கடலோரமாக ஓடும் ஒரு குறுகலான பட்டையில் வளரும் காடு ஒன்று இருக்கிறது. வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். மழை குறைவு, ஆனாலும் ஆண்டு முழுக்க இலை உதிராது. குட்டை மரங்கள், முட்புதர்கள், கொடிகள் பின்னிக் கிடக்கும். வீரை, காயா, காரை, களா, பாலை எல்லாம் அந்தக் காட்டின் பிள்ளைகள். அதில் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகள்தான். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புதுப்பட்டு மஞ்சினீஸ்வரர் அய்யனார் கோயில் காடு அதில் பேர் போனது. சாமி மரத்தில் கோடாலி படக்கூடாது என்ற பயம் காப்பாற்றி வைத்திருக்கும் காடு. அதனால் பிள்ளைகளின் தோட்ட வேலை கோயில் காட்டில் தொடங்குகிறது. எந்த மரம் எந்த மாதம் பழுக்கிறது, எதைக் குருவி முதலில் தின்கிறது, எது கீழே விழுந்ததும் பொறுக்க வேண்டியது என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொள்வது. தாய்மரத்தில் எல்லாவற்றையும் பறிக்காமல் பறவைக்கு விட்டு வர வேண்டும் என்பதும் அங்கே படிக்கும் பாடம்தான்.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்க வேண்டும் என்கிறது. நாட்டு மரங்களையும் வலியுறுத்துகிறது. நல்லது. ஆனால் காயாவைக் கேட்டு எந்த நாற்றங்காலுக்குப் போவது? அது வளர்வது அவ்வளவு மெதுவாக. விரைவில் நிழல் கேட்கும் பள்ளிகள் மடகாஸ்கரின் மயில்கொன்றையையும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சியையும் வைத்துவிடுகின்றன. காயாவுக்குப் பொறுமையான கை வேண்டும். ஆறாம் வகுப்பில் விதைத்த பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போதும் அது இடுப்பளவு புதராக நிற்கலாம். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் எங்களைவிட லேசாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

எனக்கு இருந்த பெரிய சந்தேகம் கோடை விடுமுறை. மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்போது யார் தண்ணீர் ஊற்றுவது? பல பள்ளித் தோட்டங்கள் அங்கேதான் கருகுகின்றன. பதில் நடும் காலத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினத்தன்று நடாமல், புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழையின் வாசலில் நட வேண்டும். மார்கழி வரை மழையில் வேர் இறங்கிவிடும். செடிகளை நெருக்கமாக வைத்து, காரை, களா, நொச்சி போன்ற புதர்களை முதலில் எழுப்பினால் அவற்றின் நிழலில் மரக்கன்றுகள் தாக்குப்பிடிக்கும். அடியில் சருகு மூடாக்கு. வேலிக்கு முள்கிளுவைப் போத்து, ஆடு தாண்டாது. அப்போதும் முதல் கோடையில் சில செடிகள் போகும். அந்த இடத்துக்கு நாற்றங்காலில் மாற்றுக் கன்று தயாராக இருப்பதுதான் விதை வேலையின் பயன்.

கிளம்பும்போது ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "உங்க ஊர்ல கோயில் காடு இருக்கா சார்?" முந்திரித் தோப்புகளுக்கு நடுவே சில அய்யனார் கோயில்களைச் சுற்றி நாலு மரமும் ஒரு புதரும் மிஞ்சியிருக்கின்றன என்றேன். "அது போதும் சார், பழம் விழும்போது போங்க" என்றாள்.

இந்த ஆண்டு பழம் விழும் மாதம் பாதி முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். ஆடி முடிவதற்குள் வேம்பும் நாவலும் பொறுக்கிவிடலாம். சரக்கொன்றைக் காய்களை மரத்திலேயே பார்த்து வைத்திருக்கிறோம். பிள்ளைகள் தேய்க்கக் கல் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.