மாமாவின் நாற்பது மரமும் ப்ளாக்செயினும்

கார்பன் கிரெடிட், ப்ளாக்செயின்... தனித்தனியா கேட்டாலே கொட்டாவி வரும். ரெண்டையும் சேர்த்து என்னைப் படிக்க வெச்சவர் எங்க மாமா.

கொல்லிமலை அடிவாரத்துல, முள்ளுக்குறிச்சியில இருக்கார். மரவள்ளிக் காட்டைச் சுத்தி வரப்புல நாற்பது மரம், வேம்பும் புங்கனும். மர வியாபாரி வந்து விலை பேசிட்டார். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். "வெட்டாம விட்டா கார்பன் காசு கம்ப்யூட்டர்லயே வருமாமே மாப்ளே, நெசமா?"

கணக்கு போட்டேன். ஒரு கிரெடிட்னா ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடு. வளர்ந்த மரம் வருஷத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ இழுக்கும்னு பொதுவா சொல்றாங்க. நாற்பது மரத்துக்கு 800 கிலோ. ஒரு கிரெடிட்கூட தேறலை! அதோட விலையும் பெரும்பாலும் சில நூறு ரூபாய்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும்தான். "அப்ப ஒரு மூட்டை டிஏபி கூட வராதா?"ன்னார். வராதுதான்.

நூத்துக்கணக்கான விவசாயிங்க சேர்ந்தா கதை வேற. அங்கதான் ப்ளாக்செயின் உதவும்கறாங்க. எல்லார்கிட்டயும் ஒரே பேரேடு, எழுதினதை யாரும் சத்தமில்லாம திருத்த முடியாது, ஒரே கிரெடிட்டை ரெண்டு பேர் தலையில கட்ட முடியாது. நியாயமான விஷயம்தான்.

ஆனா நடந்தது? 2021 அக்டோபர்ல க்ளைமாடாவோன்னு ஒண்ணு வந்துச்சு. டூக்கன்ங்கற அமைப்பு கிரெடிட்டை டோக்கனா மாத்தித் தர, இவங்க அதை வாங்கிக் குவிச்சாங்க. க்ளைமா டோக்கன் விலை 3000 டாலரைத் தாண்டி, மறு வருஷமே பத்து டாலருக்குக் கீழ! டோக்கனா மாறினதுல பல, யாரும் சீந்தாம கிடந்த பழைய திட்டங்களோட கிரெடிட். கிரெடிட்டைப் பதிவு பண்ற வெர்ரா, கணக்கு முடிச்ச கிரெடிட்டை இப்படி டோக்கன் ஆக்கக்கூடாதுன்னு 2022 மே மாசம் தடை போட்டுச்சு.

திருத்த முடியாத பேரேட்டுல முதல் வரியே பொய்யா இருந்தா, அதுவும் திருத்த முடியாத பொய்தானே? மரம் நிக்குதா, நெஞ்சு உயரத்துல சுத்தளவு எவ்வளவுன்னு டேப்பைப் பிடிச்சு ஒருத்தர் அளக்கணும். செலவே அங்கதான். அந்தச் செலவை ஏத்துக்கற ஆள் கிடைச்சா, சாதா எக்ஸெல் ஷீட்டே முக்கால் வேலையைப் பார்த்துடும்ங்கறது என் கட்சி.

டிஸ்கி: "ப்ளாக்செயினே கரண்ட்டைக் குடிக்குமே"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு: பிட்காயின் இன்னமும் குடிக்குது. எத்தீரியம் 2022 செப்டம்பர்ல முறையை மாத்தி, மின்சாரச் செலவை 99 சதவீதத்துக்கும் மேல குறைச்சுடுச்சு.